ஹெலிகாப்டரில் கண்ணால் வழி பார்த்துப் பறப்பது: சாண்டா ஆனாவிலிருந்து கமரில்லோ வரை

ஹெலிகாப்டர் ஓட்டுபவருக்கு உதிரியாக ஒரு கை கிடையாது. வலது கை ஹெலிகாப்டரைச் சாய்த்துச் செலுத்தும் சைக்ளிக்கில், இடது கை ஏற்றி இறக்கும் கலெக்டிவில், இரண்டு கால்களும் மூக்கைத் திருப்பும் பெடல்களில். சிறிய விமானத்தில் அது தானாக நேராகப் பறக்கும்படி டிரிம் வைத்துவிட்டு அரை நிமிடம் மடியில் இருக்கும் வரைபடத்தைப் பார்க்கலாம். ராபின்சன் ஆர்44 போன்ற சிறு ஹெலிகாப்டரில் தானியங்கிக் கருவி பொருத்தப்படாவிட்டால் சைக்ளிக்கை விட்ட சில வினாடிகளிலேயே மூக்கு எங்கோ போகத் தொடங்கிவிடும். கலெக்டிவை உராய்வுப் பூட்டில் நிறுத்திவிட்டு இடது கையால் ஒரு சொல் எழுதலாம். ஆனால் எஞ்சின் நின்றால் அந்தக் கை கலெக்டிவைக் கீழே தள்ள அந்தக் கணமே அங்கே இருந்தாக வேண்டும்.

அதனால் ஹெலிகாப்டரில் வழிகாணல் என்பது மேசை வேலை என்றே சொல்வேன். கோடு போடுவது, கோணம் அளப்பது, காற்றுக்குத் திருத்துவது, எரிபொருள் கணக்கு, திரும்ப வேண்டிய இடம் எது என்ற முடிவு, எல்லாம் ரோட்டர் சுழலத் தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். மேலே போனபின் மூன்று வேலைதான் மிச்சம்: ஹெட்டிங் (மூக்கு நோக்கும் திசை) பிடிப்பது, கடிகாரம் பார்ப்பது, அடுத்த அடையாளத்தைத் தேடுவது. நான்காவதாக ஒன்று சேர்ந்தால் இந்த மூன்றில் ஒன்று நழுவும்.

பொதுவாகப் பேசினால் இது புரியாது. ஒரு நிஜ வழியை எடுத்துக்கொள்வோம்: தென் கலிஃபோர்னியாவில் சாண்டா ஆனாவிலுள்ள ஜான் வேய்ன் விமான நிலையத்திலிருந்து கமரில்லோ வரை, ஆர்44 ரேவன் 2-இல், பகலில். ஆர்44 செய்யப்படுவதே இதே சமவெளியில், டோரன்ஸில்தான். சமவெளி, குன்று, கடல் மேகம், நெரிசலான வான்வெளி, ஒன்றைப்போல் இன்னொன்று தெரியும் நெடுஞ்சாலைகள் என்று வழிகாணலில் தவறு நேரக்கூடிய எல்லாமே இந்த ஒரு வழியில் உண்டு.

டேப்லெட்டில் இரண்டு நிலையங்களையும் தட்டினால் ஒரு நேர்கோடு வரும். சுமார் 69 கடல் மைல். அந்தக் கோடு லாஸ் ஏஞ்சலஸின் பெரிய விமான நிலையமான எல்.ஏ.எக்ஸ். ஓடுபாதைகளுக்குத் தெற்கே இரண்டு கடல் மைலுக்குள் உரசிக்கொண்டு போய், சாண்டா மோனிகா விரிகுடாவின் தண்ணீர் மேல் இறங்கி, மாலிபு பக்கம் மலையில் ஏறும். எஞ்சின் நின்றால் ஆர்44 மிகச் சிறந்த சறுக்கலில்கூட 1,300 அடி உயரத்துக்கு ஒரு கடல் மைல்தான் போகும். மிதவை இல்லாத, ஒற்றை எஞ்சின் ஹெலிகாப்டரை அந்தத் தண்ணீர்மேல் ஆயிரம் அடியில் கொண்டுபோவது திட்டமே அல்ல. ஆகவே வழி வளைந்துதான் போகும்: 55-ஆம் நெடுஞ்சாலையோடு வடக்கே 91-ஐச் சந்திக்கும் இடம் வரை, அங்கிருந்து டாட்ஜர் ஸ்டேடியம், பிறகு ஐ-5 நெடுஞ்சாலை ஓரமாக க்ரிஃபித் பார்க்கைச் சுற்றி, 134, 101 சாலைகள் வழியாக செபுல்வேடா அணை, கலபாசஸ், கமரில்லோ. கூட்டினால் சுமார் 81 கடல் மைல்.

வரைபடம் மூன்று அளவில் தேவைப்படும். முழு வழியையும் மலைகளையும் பார்க்க 1:500,000 செக்ஷனல். வான்வெளி அடுக்குகளுக்கு 1:250,000 டெர்மினல் சார்ட். சாலை சாலையாகப் போக லாஸ் ஏஞ்சலஸுக்கென்றே வரும் 1:125,000 ஹெலிகாப்டர் சார்ட். ஒரு கடல் மைல் முதலாவதில் 3.7 மில்லிமீட்டர், இரண்டாவதில் 7.4, மூன்றாவதில் 14.8. ஒரு சார்ட்டில் அளந்த தூரத்தை இன்னொன்றின் அளவுகோலால் படிப்பது தொடக்கக்காரர்களிடம் அடிக்கடி நேரும் பிழை. நேரம் பாதியாகவோ இரட்டிப்பாகவோ வரும், ஆனால் தாளில் பார்க்கும்போது அது தப்பாகவே தோன்றாது. அதனால் அளந்த தூரத்தை எப்போதும் கண் மதிப்போடு ஒப்பிட வேண்டும்: பெருவிரலின் முதல் கணு இந்தச் சார்ட்டில் எத்தனை கடல் மைல் என்று தெரிந்துவைத்திருந்தால் போதும். செக்ஷனல் 56 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. பழையதை வைத்துப் பறப்பதற்கு எந்தச் சாக்கும் இல்லை.

எந்த அடையாளம் நிற்கும், எது ஏமாற்றும்

இந்த வேலையில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் அடையாளப் புள்ளிகளைத் தேர்ந்தெடுப்பதுதான். சார்ட் மேலிருந்து பார்த்து வரையப்பட்டது. 800 அடியிலிருந்து பார்ப்பவருக்கு நிலம் சாய்வாகத் தெரியும். சார்ட்டில் தடித்த கோடாக இருக்கும் ரயில் பாதை மரங்களுக்கும் கிடங்குகளுக்கும் நடுவே மறைந்துபோகும். மெல்லிய கோடாக இருக்கும் மின்தடம் வெட்டவெளியில் கோபுரம் கோபுரமாகப் பளிச்சென்று நிற்கும். லாஸ் ஏஞ்சலஸில் நெடுஞ்சாலையை மட்டும் அடையாளமாக வைத்தால் வழி தவறுவது உறுதி, எல்லாமே ஒன்றுபோல இருக்கும். இரண்டு நெடுஞ்சாலை சந்திக்கும் இடத்தின் வடிவம், சாலையும் ஆறும் அருகருகே ஓடும் இடம், சாலை திடீரென்று குன்றுக்குள் நுழையும் வாய், இவைதான் நிற்கும். ஒரு அம்சத்தை நம்பாமல் மூன்று அம்சங்கள் ஒன்றுக்கொன்று சரியான திசையில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

அணைகள் தனியாகச் சொல்ல வேண்டியவை. செபுல்வேடா அணை சார்ட்டில் தெளிவாக இருக்கும். தண்ணீரைத் தேடிக்கொண்டு போனால் கிடைக்காது. அது வெள்ளத்தைத் தடுக்க 1941-இல் முடிக்கப்பட்ட அணை. வருடத்தின் பெரும்பகுதி அதன் பின்னால் இருப்பது பூங்காவும் கோல்ஃப் மைதானமும்தான். தேட வேண்டியது 405-உம் 101-உம் சந்திக்கும் இடத்தை ஒட்டிய நீண்ட கான்கிரீட், மண் கரை. ஹான்சன் அணையும் அப்படித்தான். சாட்ஸ்வர்த் நீர்த்தேக்கம் பெயரில் மட்டுமே நீர்த்தேக்கம், பல பத்தாண்டுகளாகக் காய்ந்து கிடக்கிறது. மேசையில் உட்கார்ந்திருக்கும்போதே செயற்கைக்கோள் படத்தில் ஒவ்வொரு புள்ளியையும் பார்த்து, பக்கத்தில் ஒரு சொல் எழுதிவைக்க வேண்டும்: "தண்ணீர் இல்லை, புல்", "வெள்ளைக் கூரை", "இரட்டைப் பாலம்".

தரையும் மாறும். ஜான் வேய்னிலிருந்து கிளம்பியதும் வலப்பக்கம் தெரியும் டஸ்டின் ஆகாயக்கப்பல் கொட்டகைகள் இரண்டாம் உலகப் போர்க் காலத்தவை, பதினேழு மாடி உயரம், எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். பழைய குறிப்புகள் எல்லாம் இரட்டைக் கொட்டகை என்றே சொல்லும். 2023 நவம்பரில் வடக்குக் கொட்டகை எரிந்து போனது. இப்போது ஒன்றுதான்.

இடம் தெளிவாக இருந்தாலும் அங்கே போக அனுமதி இருக்கிறதா என்பது வேறு கேள்வி. வடக்கே போக இயல்பாகக் கண்ணில் படுவது 57-ஆம் சாலையும் அதை ஒட்டிய ஏஞ்சல் ஸ்டேடியமும். ஆனால் டிஸ்னிலாந்தைச் சுற்றி 3 கடல் மைல் வட்டத்தில் தரையிலிருந்து 3,000 அடி வரை நிரந்தரமான பறத்தல் தடை உண்டு. ஸ்டேடியம் அதற்கு இரண்டு கடல் மைல் பக்கத்திலேயே இருக்கிறது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசி, அவர்கள் அனுமதித்தால் தவிர நுழையக் கூடாது. அதனால்தான் இந்த வழி 57-ஐ விட்டு 55-இல் போகிறது. டாட்ஜர் ஸ்டேடியம் குன்றின் மேல் அருமையான அடையாளம், ஆனால் ஆட்டம் இருந்தால், தொடங்க ஒரு மணி நேரம் முன்பிருந்து முடிந்து ஒரு மணி நேரம் வரை அதுவும் அதே 3 கடல் மைல், 3,000 அடி தடைக்குள் போகும். முப்பதாயிரம் பேர் அமரும் எல்லாப் பெரிய பேஸ்பால், அமெரிக்கக் கால்பந்து மைதானங்களுக்கும் இந்த விதிதான். ஆட்ட அட்டவணை விமானியின் திட்டத் தாளில் இருக்க வேண்டிய ஒன்று.

ஒரு லெக், முழுக் கணக்கோடு

55-உம் 91-உம் சந்திக்கும் இடத்திலிருந்து டாட்ஜர் ஸ்டேடியம் வரையுள்ள லெக்கை, அதாவது வழியின் ஒரு துண்டை, எடுப்போம். தூரம் சுமார் 25 கடல் மைல். தரைமேல் போக வேண்டிய திசையான டிராக் மெய்வடக்கிலிருந்து 304 பாகை. இந்தப் பகுதியில் காந்த விலக்கம் (காம்பஸ் காட்டும் வடக்குக்கும் மெய்வடக்குக்கும் உள்ள வித்தியாசம்) கிழக்கே ஏறத்தாழ 11 பாகை. கிழக்கு என்றால் கழிக்க வேண்டும்: 293 காந்த டிராக்.

காற்று 250 பாகையிலிருந்து 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) என்று அறிக்கை சொல்கிறது. எழுத்தில் வரும் நிலைய வானிலை அறிக்கையான மெட்டாரிலும் மேல்காற்று முன்னறிவிப்பிலும் திசை மெய்வடக்கை வைத்தது. கோபுரம் வாயால் சொல்லும் காற்றும், நிலையத் தகவலைத் திரும்பத் திரும்பச் சொல்லும் ஏட்டிஸ் ஒலிபரப்பும் காந்த வடக்கை வைத்தவை. 11 பாகை விலக்கம் உள்ள ஊரில் இதைக் கலந்துவிட்டால் கணக்கு முழுக்கக் கோணும்.

காற்றுக்குள் உண்மை வேகம் 100 நாட் என்றால் அதிகபட்ச டிரிஃப்ட் (காற்று பக்கவாட்டில் தள்ளும் கோணம்), காற்றின் வேகத்தை 60-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தால் 9 பாகை. காற்று டிராக்குக்கு 54 பாகை கோணத்தில் இடப்பக்கமிருந்து வருகிறது. இந்தக் கோணத்தைக் கடிகார நிமிடமாக வைத்துப் பார்ப்பது பழைய, நம்பகமான குறுக்குவழி: 15 பாகைக்குக் கால், 30-க்கு அரை, 45-க்கு முக்கால், 60-க்கு மேல் முழுசு. 54 பாகைக்கு பத்தில் ஒன்பது. ஆக 8 பாகை இடப்பக்கம் திருத்தம். காந்த ஹெட்டிங் 285. எதிர்க்காற்று சுமார் 9 நாட், தரைவேகம் 91, நேரம் பதினாறு நிமிடத்துக்குச் சற்று மேல்.

தாளில் எழுத வேண்டியது இவ்வளவுதான்: 285, 16 நிமிடம், உயரம், நடுவே பார்க்க வேண்டியது என்ன, அலைவரிசை. பெரிய எழுத்தில், ஒரு லெக்குக்கு ஒரு வரி. அதிர்வில் சிறிய எழுத்து படிக்க வராது. சார்ட்டை டிராக் மேல்நோக்கி இருக்கும்படி மடித்து, வேண்டிய மடிப்பு மட்டும் வெளியே தெரிய முழங்கால் பலகையில் கிளிப் போட வேண்டும். கோட்டில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு சிறு குறுக்குக் கோடு போட்டுவைத்தால் பறக்கும்போது அளவுகோல் தேவைப்படாது.

கிளம்பும் புள்ளியின் நேர்மேலே வந்ததும் ஹெட்டிங்கைத் திருப்பி, அதே நொடியில் கடிகாரத்தை அழுத்த வேண்டும். அதன்பின் வரிசை மாறக் கூடாது: முதலில் கடிகாரம், பிறகு சார்ட், கடைசியில் தரை. ஒன்பதரை நிமிடத்தில் சார்ட் என்ன சொல்கிறது? 605-ஆம் சாலையும் சான் கேப்ரியல் ஆறும் அருகருகே குறுக்கே ஓட வேண்டும். இப்போது வெளியே பார்த்து அதைத் தேடலாம். இதைத் தலைகீழாகச் செய்பவர்கள், அதாவது தரையில் ஏதோ ஒரு சாலையைப் பார்த்துவிட்டு அது சார்ட்டில் எங்கே என்று தேடுபவர்கள், தேடியதைக் கண்டுபிடித்தே தீருவார்கள். அது தப்பான சாலையாக இருக்கும். மனம் பொருத்திப் பார்க்க ஆசைப்படும், அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

இந்த லெக்கில் காற்றுத் திருத்தத்தை மறந்து 293-ஐயே பிடித்தால் என்ன ஆகும்? 605-ஐத் தொடும்போது, பதினான்கரை கடல் மைலில், 8 பாகை விலகல் ஏறத்தாழ 2 கடல் மைல். சரியான வழியில் வந்தவருக்கு விட்டியர் நாரோஸ் அணையின் நீண்ட கரை வலப்பக்கம் தள்ளித் தெரியும். காற்று தள்ளிக்கொண்டு போனவருக்கு அது மூக்குக்கு நேரே வரும். அணை முன்னால் தெரிந்தால் உடனே திட்டத்தாளில் கை வைக்காமல் மனக்கணக்காகவே திருத்தலாம்: 60 கடல் மைலில் ஒரு மைல் விலகல் ஒரு பாகை. இதுவரை 8 பாகைப் பிழை. மிச்சமுள்ள 10 மைலில் அந்த 2 மைலை மீட்க 12 பாகை. இரண்டும் சேர்த்து 20 பாகை இடப்பக்கம் திரும்பினால் ஸ்டேடியம் முன்னால் வரும். அங்கே போனதும் அந்த 12 பாகையைத் திரும்ப எடுத்துவிட வேண்டும். இதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

சந்தேகம் வந்தால் ஹெட்டிங்கை மாற்றாதீர்கள். போட்ட திட்டம் ஒன்று, கண் சொல்வது வேறொன்று என்றால், நேரம் முடியும் வரை திட்டத்தோடு போவதுதான் பெரும்பாலும் சரி. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று திருப்பிக்கொண்டே போனவரால் எங்கிருந்து கணக்கைத் தொடங்குவது என்றே சொல்ல முடியாது.

டேப்லெட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தடை வட்டங்களையும் வான்வெளி எல்லைகளையும் அது காட்டுவதுபோல் தாள் காட்டாது. ஆனால் கண்ணாடிக் குமிழுக்குள் வெயில் நேரடியாக அடிக்கும், டேப்லெட் சூடேறி அணையும். காந்தம் வைத்த உறையோடு கண்ணாடிச் சட்டத்துக் காம்பஸின் பக்கத்தில் மாட்டினால் காம்பஸ் பொய் சொல்லும். கதவைக் கழற்றிவிட்டுப் பறந்தால் கட்டாத எந்தப் பொருளும், ஒரு தாள் உட்பட, வெளியே இழுக்கப்பட்டு வால் ரோட்டரில் போய் அடிக்கலாம். ராபின்சன் இதற்கென்றே ஒரு பாதுகாப்பு அறிவிப்பு வெளியிட்டிருக்கிறது.

உயரம், கம்பி, அல்டிமீட்டர்

தரையிலிருந்து 800 முதல் 1,000 அடி இந்த வழிக்குப் பொருந்தும். மேலே பெரிய விமான நிலையத்துக்கான, அனுமதி இல்லாமல் நுழையக் கூடாத பி வகுப்பு வான்வெளியின் அடுக்குகள், கீழே வீடுகள். 500 அடிக்குக் கீழே போனால் அடுத்த அடையாளம் தெரியும் தூரம் சுருங்கிவிடும், இறங்க இடம் தேடவும் நேரம் இருக்காது. 1,000 அடியில் எஞ்சின் நின்றால் சிறந்த சறுக்கலில் முக்கால் கடல் மைல்தான் கையில் இருக்கிறது. அதனால் கோடு போடும்போதே அந்தக் கோட்டுக்கு அரை மைலுக்குள் இறங்க என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்: கோல்ஃப் மைதானம், அணையின் பின்புறப் பூங்கா, ஆற்றின் அகன்ற கான்கிரீட் தளம். கோட்டை அரை மைல் நகர்த்தினால் இப்படி இரண்டு இடம் கிடைக்கும் என்றால் நகர்த்தி விடுங்கள். ஒரு நிமிடம்கூட அதிகமாகாது.

கம்பிகளைக் கண் பிடிக்காது. கோபுரங்களைத்தான் தேட வேண்டும். மின்தடத்தைக் கடக்கும்போது கம்பிகளின் நடுவே கடக்காமல் கோபுரத்தின் உச்சிக்கு மேலே கடக்க வேண்டும், ஏனென்றால் அந்தத் தடத்தின் உயரமான புள்ளி அதுதான், கண்ணுக்குத் தெரிவதும் அதுதான். குன்றுகளுக்கு இடையே உள்ள பள்ளத்தாக்கில் கம்பி ஒரு முகட்டிலிருந்து இன்னொரு முகட்டுக்குத் தொங்கும், கோபுரம் இரண்டும் பக்கவாட்டில் மரத்துக்குள் இருக்கும். பள்ளத்தாக்குகளில் தாழப் போகாததற்கு அந்த ஒரு காரணமே போதும். செக்ஷனலில் 200 அடிக்குக் குறைந்த கோபுரங்கள் பொதுவாக இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஹெலிகாப்டர் சார்ட்டில் வரைந்திருக்கும் வழிகளைப் பார்த்ததும், அதில் போனால் விமானங்களிலிருந்து பிரித்து வைக்கப்பட்டுவிட்டோம் என்ற எண்ணம் வரும். அது அப்படி இல்லை. 2025 ஜனவரி 29 அன்று வாஷிங்டனில் பிளாக் ஹாக் ஹெலிகாப்டரும் தரையிறங்க வந்த சிஆர்ஜே-700 பயணிகள் விமானமும் மோதி 67 பேர் இறந்தனர். போட்டோமாக் ஆற்றை ஒட்டிய அந்த நான்காம் எண் ஹெலிகாப்டர் வழியில் உச்ச உயரம் அப்போது 200 அடியாக இருந்தது. ஆற்றின் கிழக்குக் கரையில் அந்த உயரத்தில் பறக்கும் ஹெலிகாப்டருக்கும் 33-ஆம் ஓடுபாதைக்கு இறங்கும் விமானத்துக்கும் நடுவே 75 அடிதான் இருந்திருக்கும் என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2025 மார்ச்சிலேயே சொன்னது. காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் அல்டிமீட்டரில் அழுத்தத்தை 0.10 பாதரச அங்குலம் தவறாக வைத்தால் காட்டும் உயரம் 100 அடி மாறும். அந்த 75 அடியை விழுங்க இதுவே அதிகம். ஒவ்வொரு கோபுரமும் அல்டிமீட்டர் எண்ணைச் சொல்லும்போது அந்தக் கணமே திருப்ப வேண்டும், பிறகு பார்க்கலாம் என்று வைக்கக் கூடாது.

ரேடியோவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜான் வேய்ன், பர்பேங்க் இரண்டும் சி வகுப்பு, வேன் நைஸ், கமரில்லோ டி வகுப்பு, எல்லாமே கட்டுப்பாட்டாளரோடு பேசிவிட்டு நுழைய வேண்டிய வான்வெளி. ஃபுல்லர்ட்டனின் டி வட்டம் இரண்டாவது லெக்கின் ஓரத்தில் இருக்கிறது, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது நல்லது. ஒவ்வொரு எல்லைக்கும் மூன்று நிமிடம் முன்பே அழைக்கத் தாளில் ஒரு குறி போடுங்கள். யார் கட்டுப்பாட்டிலும் இல்லாத இடங்களில் ஹெலிகாப்டர்கள் தங்களுக்குள் பேசும் 123.025.

எரிபொருள்: ரேவன் 2 மணிக்கு சுமார் 15 கேலன் குடிக்கும். 81 கடல் மைலுக்கு தரைவேகம் 90 என்றால் 54 நிமிடம், 13.5 கேலன். ஸ்டார்ட் செய்து சூடேற்றிக் கிளம்ப ஒன்றரை. விதிப்படி ஹெலிகாப்டருக்குப் பகல் பார்வைப் பறத்தலில் இருக்க வேண்டிய 20 நிமிட மிச்சம், 5 கேலன். பர்பேங்க் எல்லையில் காத்திருக்கச் சொன்னால் கால் மணி நேரம், 4 கேலன். மொத்தம் 24. பிரதான டாங்கில் பயன்படுத்தக்கூடியது 29.5, துணை டாங்கில் 17. இரண்டையும் நிரப்பினால் 279 பவுண்டு. உச்ச எடை 2,500 பவுண்டுக்குள் நாலு பேரை ஏற்ற வேண்டுமென்றால் நிரப்ப முடியாது, ஆகவே கணக்கு போட்டுத்தான் ஊற்ற வேண்டும். குறைந்த எரிபொருள் விளக்கு எரியும்போது சுமார் 3 கேலன், பத்து நிமிடம்தான் இருக்கும். அந்த விளக்கைத் திட்டத்தில் சேர்க்காதீர்கள்.

திரும்பும் இடத்தை முதலில் குறியுங்கள்

இந்த வழியின் உயிர்நாடி கடைசி முப்பது கடல் மைலில் இருக்கிறது. மே, ஜூன் மாதக் காலைகளில் கடலிலிருந்து தாழ்ந்த மேகம் சமவெளிக்குள் ஏறி மதியம் வரை நிற்கும், மற்ற மாதங்களிலும் வரும். மெட்டாரில் வரும் மேகத்தள உயரம் அந்த நிலையத்தின் தரையிலிருந்து அளந்தது. வேன் நைஸில் 1,100 அடியில் முழு மேகமூட்டம் என்று வைப்போம். அந்த நிலையம் கடல்மட்டத்திலிருந்து 802 அடி. ஆக மேகத்தளம் கடல்மட்டத்திலிருந்து 1,900 அடி. மேகத்தளம் ஏறத்தாழ அதே மட்டத்தில் மேற்கே நீளும். ஆனால் தரை ஏறும். கலபாசஸில் 101-ஆம் சாலை ஆயிரம் அடியை ஒட்டிப் போகிறது, இருபுறமும் குன்றுகள் அதைவிட உயரம். வேன் நைஸில் 1,100 அடியாக இருந்த இடைவெளி அங்கே சாலை மேல் 900 ஆகி, குன்று மேல் இல்லாமலே போகலாம். கமரில்லோ 77 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே மெட்டார் நன்றாக இருக்கிறது என்பதற்கும் நடுவிலிருக்கும் கணவாய் திறந்திருக்கிறது என்பதற்கும் சம்பந்தமே இல்லை. ஒவ்வொரு மேக அறிக்கையையும் கடல்மட்டத்துக்கு மாற்றி, வழியின் உயரமான தரைக்கு மேல் எவ்வளவு மிச்சம் என்று தாளில் எழுதுங்கள். 500 அடிக்குக் கீழே வந்தால் அந்த வழி மூடியாகிவிட்டது.

2020 ஜனவரி 26 அன்று கூடைப்பந்து வீரர் கோபி பிரயன்ட்டும் அவர் மகளும் உட்பட ஒன்பது பேர் இறந்தது இங்கேதான், இதே இரண்டு நிலையங்களுக்கு இடையே. எஸ்-76பி, இரட்டை எஞ்சின், ஆர்44-ஐவிட எவ்வளவோ வசதியான ஹெலிகாப்டர். பர்பேங்க் எல்லையில் பத்து நிமிடத்துக்கும் மேல் காத்திருந்து, மோசமான வானிலையில் கண்ணால் பார்த்துப் பறக்கத் தரும் சிறப்பு வி.எஃப்.ஆர். அனுமதியோடு வேன் நைஸைச் சுற்றி, 101 சாலையைப் பிடித்து மேற்கே போனது. தரை ஏற, மேகம் இறங்கி வர, கலபாசஸில் மேகத்துக்கு மேலே ஏறப் பார்த்தபோது மேகத்துக்குள் போனது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,400 அடியை எட்டியதும் இடப்பக்கம் சாய்ந்து இறங்கி மலையில் மோதியது. எஞ்சினில் பழுது இல்லை. பார்வை விதியில் பறந்துகொண்டே மேகத்துக்குள் தொடர முடிவு செய்ததும், அங்கே திசையுணர்வு தவறியதும்தான் காரணம் என்று பாதுகாப்பு வாரியம் 2021 பிப்ரவரியில் சொன்னது. சில நிமிடங்களுக்கு முன் கடந்து வந்த வேன் நைஸில் இறங்கியிருக்க முடியும்.

சிறப்பு வி.எஃப்.ஆர். அனுமதியில் விமானத்துக்கு ஒரு மைல் பார்வை வேண்டும். ஹெலிகாப்டருக்கு மேகத்தில் படாமல் இருந்தால் போதும். கட்டுப்பாடற்ற வான்வெளியில் 1,200 அடிக்குக் கீழே பகலில் அரை மைல் போதும். சட்டம் தருகிற இந்தச் சலுகை மெதுவாகப் பறக்கத் தெரிந்த ஹெலிகாப்டருக்குத் தரப்பட்டது. 100 நாட்டில் அரை மைலைக் கடக்க 16 வினாடி. முன்னால் இருப்பதைப் பார்த்து, புரிந்து, திரும்ப அது போதாது.

குன்னூரில் 2021 டிசம்பர் 8 அன்று நடந்த எம்ஐ-17 விபத்தை நம்மில் யாரும் மறக்கவில்லை. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறி மேகத்துக்குள் போனதால் விமானியின் திசையுணர்வு தவறியது என்றுதான் முப்படை விசாரணையும் சொன்னது. மலையோடு மேகம் சேரும் எந்த ஊருக்கும் இந்தக் கணக்கு ஒன்றுதான்.

அதனால் திட்டத் தாளில் டிராக்குக்கு முன்பே எழுத வேண்டியவை முடிவெடுக்கும் இடங்கள். இந்த வழியில் மூன்று போதும். டாட்ஜர் ஸ்டேடியத்தில்: பர்பேங்க், வேன் நைஸ் மேக அறிக்கை இரண்டும் கேட்டாகிவிட்டதா? செபுல்வேடா அணையில்: மேற்கே 101 குன்றுக்குள் நுழையும் வாய் இங்கிருந்தே தெரிகிறதா? தெரியவில்லை என்றால் வேன் நைஸ் வடக்கே பக்கத்திலேயே இருக்கிறது, இறங்கிவிடலாம். மூன்றாவது கலபாசஸ் மேட்டுக்கு முன்பு: சாலைக்கு அப்பால் அடுத்த பள்ளத்தாக்கின் தரை தெரியாவிட்டால் திரும்புவது. 118 வழியாக சிமி பள்ளத்தாக்குக்குப் போகலாமே என்று அப்போது யோசிக்காதீர்கள். அந்தக் கணவாய் இதைவிட உயரம்.

இடம் சார்ந்த இந்த முடிவுகளோடு ஓர் எண்ணும் வேண்டும். அமெரிக்க மருத்துவ ஹெலிகாப்டர் விமானிகள் சங்கம் பரப்பிய விதி எளிமையானது: வானிலைக்காக வழக்கமான வேகத்திலிருந்து 30 நாட் குறைத்தாலோ, பகலில் தரையிலிருந்து 300 அடிக்கு இறங்க நேர்ந்தாலோ, அந்த இடமே முடிவெடுக்கும் இடம். திரும்பு, அல்லது இறங்கு. கொஞ்சம் பார்க்கலாம் என்ற மூன்றாவது வாய்ப்பு அதில் இல்லை. சிறு ஹெலிகாப்டருக்கு நான் 500 அடியே வைப்பேன். வயலிலோ பள்ளி மைதானத்திலோ முன்னெச்சரிக்கையாக இறங்குவது ஹெலிகாப்டருக்கு மட்டுமே கிடைத்த வரம். அதைப் பயன்படுத்தக் கூச்சப்படுபவர்கள்தான் மேகத்துக்குள் போகிறார்கள்.

வழி தெரியாமல் போனாலும் அதே மனநிலைதான் வேண்டும். வேகத்தை 60 நாட்டுக்குக் குறையுங்கள், அதற்குக் கீழே வேண்டாம். பின்காற்றோடு மெதுவாகிக்கொண்டே கீழே எட்டிப் பார்ப்பவர் தெரியாமலே காற்றுவேகத்தை இழந்து, கூடுதல் திறன் இல்லாமல் உயரம் இழக்கத் தொடங்குவார். ஒரு பெரிய அம்சத்தின் மேல் வட்டமிடுங்கள். கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடம், அங்கிருந்து எத்தனை நிமிடம், எந்த ஹெட்டிங்: இந்த மூன்றும் தாளில் இருந்தால் இரண்டு மைலுக்குள் எங்கே இருக்கிறோம் என்று சொல்லிவிடலாம். அதுவும் போதவில்லை என்றால் கோபுரத்திடம் சொல்லுங்கள், ரேடாரில் பார்ப்பார்கள்.

கடைசி லெக்கில் 101 சாலை கொனேஹோ இறக்கத்தில் சரிந்து இறங்கும், சட்டென்று சமவெளியும் காய்கறி, ஸ்ட்ராபெர்ரி வயல்களும் திறக்கும். இங்கே நிம்மதி அடைந்து தவறான நிலையத்துக்குப் போவது சுலபம். கமரில்லோவின் ஓடுபாதை 26, ஆறு கடல் மைலுக்குள் நேர் மேற்கே ஆக்ஸ்னார்டின் ஓடுபாதை 25. இரண்டும் ஏறத்தாழ ஒரே கோட்டில். தெற்கே கடலோரம் பாயின்ட் மூகு கடற்படைத் தளம் வேறு. முதலில் வருவது கமரில்லோ, அது 101-ஐ ஒட்டித் தெற்கே இருக்கிறது என்று தாளில் எழுதியிருந்தால் குழப்பம் வராது.

இறங்கியதும் டாங்கைத் திறந்து மிச்சத்தைக் கண்ணால் பார்த்து, திட்டமிட்ட மணிக்கு 15 கேலன் சரிதானா என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் இயந்திரம் மணிக்கு 16 குடிக்கிறது என்றால் திரும்பும் கணக்கு மாறும். திரும்பும் வழிக்குப் பழைய தாளைத் தலைகீழாகப் படிக்கக் கூடாது, புதிதாகப் போட வேண்டும். அதே காற்று இப்போது பின்னாலிருந்து வரும்: டாட்ஜர் ஸ்டேடியத்திலிருந்து 91 வரை காந்த ஹெட்டிங் 121, தரைவேகம் 109, பதினாறு நிமிட லெக் பதின்மூன்றே முக்கால் நிமிடமாகிவிடும். அன்று இரவு 7 மணிக்கு ஆட்டம் இருந்தால் 6 மணியிலிருந்து ஸ்டேடியத்தின் மேல் போக முடியாது. அப்படியானால் திருப்பத்தை மூன்று கடல் மைலுக்கு அப்பால் நகர்த்தி, அந்த லெக்கை மறுபடி அளந்து, கமரில்லோவில் எஞ்சின் அணைந்திருக்கும்போதே எழுதி முடித்துவிடுங்கள்.